வாசலடைத்த தாய்

சிறை என்றால் யாருக்குத்தான் அச்சமில்லை? தானாகவே சிறை புகுந்து, வாசலையும் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு தாயைப் பற்றிச் சென்ற வாரம் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் நம்ப மறுத்துவிட்டார்கள்.

அத்தாய் ஆனைமலைக் காட்டில் வாழும் பெரிய இருவாச்சி என்னும் பட்சி. அதன் அலகின்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு மகுடம். சிறகடித்தால் வெகுதூரம் கேட்கும் ஓசை. முட்டையிடும் பருவத்தில் பெட்டை ஓங்கிய மரத்தின் பொந்தில் புகுந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் கொண்டு வாயிலைப் பூசிவிடுகிறது. அலகு நீட்டுமளவே பிளவு எஞ்சும். ஏறக்குறைய மூன்று மாதகாலம் ஆண் பறவைதான் அத்திப்பழம் முதலிய கனிகளைக் கொணர்ந்து ஊட்டவேண்டும். அந்த ஆணை ஒரு வேடன் வீழ்த்தினால் பொந்திலுள்ள குடும்பமும் பட்டினியால் மடிய நேரும்.

மரங்கொத்தியைப்போல் பொந்து குடைய இருவாச்சிக்கு வராது. முதிர்ந்த பெருமரத்தில் இயல்பாய் விழுந்த பொந்தே அதற்கு வீடு. விழுங்கிய கனிகளின் விதைகளைத் தொலைவில் உமிழ்ந்தும் எச்சமிட்டும் காட்டை வளர்ப்பது அது தரும் குடிக்கூலி.

வால்பாறைப் பீடபூமியின் மழைக்காடு 1890-கள் முதல் வெட்டுண்டு, காப்பியும் தேயிலையுமாக மாறிற்று. அது வெள்ளையர் செய்த வேலை என்று நாம் கையை உதறிவிடலாமா? 1947-க்குப் பின் கோடரி நம் கையில்தானே இருந்தது! 1960-களில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்து அணைகள் எழுந்தபோதும் காடு நீரில் மூழ்கிற்று. பொள்ளாச்சி வயல்களுக்கு அந்நீர் வேண்டியதே. ஆயினும் அதற்குக் கொடுத்த விலையை மறப்பது தர்மமன்று. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2018-இல் இவ்வினத்தை அழிவுக்கு இலக்காகக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. மலைக்கு அப்பால் கேரளத்து வாழச்சால் காடுகளில், முன்பு குஞ்சுகளைப் பிடித்துண்ட காடர் குடியினரே இப்போது கூடுகளுக்குக் காவல் நிற்கிறார்கள். வால்பாறையிலோ, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் அம்மலைக்குரிய மரங்களின் நாற்றுகளை நட்டு வளர்க்கிறார்கள்.

நாற்று நடுவது புண்ணியமே. ஆனால் இன்று நட்ட கன்று பருத்து, இருவாச்சி குடிபுகத்தக்க பொந்து அதில் விழுவதற்கு நம் பேரன்மார் காலமும் போதாது. ஆகையால் நிற்கிற கிழமரத்தை நிற்கவிடுவதே முதற்கடமை. ‘பொந்து விழுந்த மரம் விறகுக்குத்தான் ஆகும்’ என்பாரைக் கண்டால், ‘ஐயா, சற்றுப் பொறுங்கள், உள்ளே ஒரு தாய் வாசலடைத்து உட்கார்ந்திருக்கக்கூடும்’ என்று சொல்லுங்கள்.