விமானத்துக்கு பெயிண்ட் வெறும் மேக்கப்பா? சென்னையில் விமானம் கட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை

நந்தனம் சிக்னலில் இருந்து அண்ணா சாலையில் நேராகப் போனால் சிம்ப்சன் நிறுவனம் வந்துவிடும். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், தன் சொந்த விமானத்தை அந்த நிறுவனத்தில்தான் கட்ட வைத்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னால் பறந்தும் காட்டினார். ஆக, சொந்தமாக விமானம் கட்டும் ஆசை சென்னைக்குப் புதுசு இல்லை.

அந்த ஆசையை 2022-ல் மறுபடி கிளப்பிவிட்டவர் ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன். லாக்டவுன் காலத்தில் இங்கிலாந்தில் உட்கார்ந்து, கிட்டாக வரவழைத்த நாலு சீட்டு விமானத்தைத் தானே கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். செய்தி வைரலானதும் எல்லோரும் கேட்டது 'எவ்ளோ செலவு?' என்றுதான். பெயிண்ட்டைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கடைசியில் கலர் அடிச்சா முடிஞ்சுதுன்னு ஒரு நினைப்பு. அங்கேதான் தப்பு பண்றோம் என்பது என் கருத்து.

பெயிண்ட் என்ன வேலை செய்கிறது?

அது விமானம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது.

துணி போர்த்திய விமானத்துக்கு முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் பாலியெஸ்டர் துணி கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். அதனால்தான் கலருக்கு அடியில் அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு ஒன்று அடிக்கிறார்கள். வெளியே தெரியாத அந்தப் பூச்சுதான் துணியின் ஆயுளைக் காக்கிறது.

கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த விமானத்துக்குச் சூடு ஆகாது. சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி, அதிகச் சூட்டில் இளகி வலிமை இழக்கும். அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி போன்ற விமானங்கள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மே மாதம் மத்தியானம் வெயிலில் நின்ற கறுப்பு காரின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அலுமினிய விமானத்துக்கு எமன் உப்புக்காற்று. பெசன்ட் நகர் பக்கம் வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட்டுகளைப் பாருங்க, புரியும். உலோகத்தைச் சுத்தம் செய்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் கலர். 'முதல்ல பறந்துடலாம், பெயிண்ட் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று உலகம் முழுக்க ஹோம்பில்ட் ஆட்கள் சொல்வதுண்டு. வறண்ட ஊர்களில் அது சரிப்படலாம். கடற்கரை ஊரில் கலர் காத்திருக்கலாம், பிரைமர் காத்திருக்கக் கூடாது.

அழகாக அடித்தால் ஆபத்து வருமா?

வரும். ரெண்டு பேர் உட்காரும் விமானத்திலேயே பெயிண்ட் எடை 10 கிலோவை எட்டிவிடும். பளபளப்பு போதாதென்று மேலே மேலே அடித்தால், எரிபொருளுக்கோ பையோடு வரும் நண்பருக்கோ கிடைக்க வேண்டிய எடையை பெயிண்ட் சாப்பிட்டுவிடும்.

அதைவிட முக்கியம், சுக்கான், எலிவேட்டர், ஏலரான் போன்ற அசையும் பாகங்கள். இவற்றில் கீலுக்குப் பின்பக்கம் எடை கூடினால், வேகமாகப் பறக்கும்போது அந்தப் பாகம் படபடவென்று அடித்துக்கொள்ளும். இதற்கு ஃப்ளட்டர் என்று பெயர். சில நொடிகளில் பாகமே பிய்ந்து போகலாம். அதனால் பெயிண்ட் அடித்த *பிறகு* இந்தப் பாகங்களைச் சமநிலை பார்க்க வேண்டும், முழு விமானத்தையும் மறுபடி எடை போட வேண்டும். முன்பு எடுத்த கணக்கு செல்லாது.

அடித்தாச்சு, இனி கவலை இல்லையா?

1996 அக்டோபர் 2. பெருவின் லிமாவில் இருந்து கிளம்பிய ஏரோபெரு 603 கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். விமானத்தைக் கழுவிப் பாலிஷ் போட்டபோது, காற்றழுத்தம் அளக்கும் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்ததுதான் காரணம். விமானிகளுக்கு உயரமும் வேகமும் தப்புத் தப்பாகத் தெரிந்தன. பெரிய போயிங் 757-க்கே இந்தக் கதி என்றால், வீட்டில் கட்டிய சின்ன விமானம் எந்த மூலைக்கு? அடிக்கிற கலரில் மறைக்கும் டேப்பை ஒட்டாதீர்கள். கண்ணைக் குத்துகிற நிறத்தில் ஒட்டுங்கள். எத்தனை ஒட்டினோம், எத்தனை எடுத்தோம் என்று எழுதி வையுங்கள்.

பராமரிப்பு என்றால் நல்ல தண்ணீரில் மிதமான சோப்பு, நிழல், நீர் வடியும் துளைகள் அடையாமல் பார்ப்பது, அவ்ளோதான். ஈரமான உறையைப் போட்டு மூடி வைப்பது மட்டும் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி, மூடாமல் விட்டதைவிட மோசமாகிவிடும்.

பெயிண்ட் அடிக்கிறவரையும் மறக்காதீர்கள். பாலியூரித்தேன் பெயிண்ட்டில் இருக்கும் ஐசோசயனேட், நிரந்தர ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது. ஸ்ப்ரே அடிக்கும்போது மூக்கில் கர்ச்சீப் கட்டுவது பாதுகாப்பே இல்லை. சுத்தமான காற்றை வெளியிலிருந்து குழாயில் தரும் முகமூடிதான் வேண்டும். விமானத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர் இதில் மிச்சம் பிடிப்பது நியாயமில்லை.

எந்தக் கலர் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று கேளுங்கள். சொந்தமாக விமானம் கட்டுகிறவருக்கு பெயிண்ட்டும் இறக்கை மாதிரி ஒரு பாகம்தான்.