குதிரைவலு கூட்டும் முன்

குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் போதும், நம்மவர்கள் கல்முனைக்குப் போய்ப் பெரிய மோட்டர் வாங்கி வந்துவிடுகிறார்கள். மாவடிப்பள்ளி முதல் கரையோர ஊர்கள் வரை இந்த வழக்கம் பரவுவது எனக்குப் பெரும் கவலை. முதலில் பார்க்க வேண்டியது கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருந்து, நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு. அதன் வாயில் சிறு கல்லோ சருகோ சிக்கினாலே மூடி சரியாகப் படியாது. குழாயில் நின்ற நீர் இரவோடு இரவாகக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மோட்டர் வெறும் காற்றைத்தான் இழுக்கும். உறிஞ்சு குழாயின் மூட்டு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். மோட்டர் ஓடும்போது அங்கே நீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே நுழையும். ஆகவே கண்ணில் படாது. தாங்கியிலிருந்து வரும் குழாயில் நீர் மெலிந்தாலோ, அதற்கு மோட்டரோடு தொடர்பே இல்லை. 3 மீற்றர் உயரத் தாங்கி தருவது ஏறத்தாழ 0.3 பார் அமுக்கம், அவ்வளவுதான்.

பெரிய மோட்டரால் வரும் கேடு வேறு. கரையோர மணலில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர் மேலேறியது. ஒரு வீட்டின் அவசரம் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும். மோட்டர் வாங்கப் புறப்படும் முன் ஃபுட் வால்வைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.