கைடு நல்லவரா அமைஞ்சா மட்டும் போதுமா?



உங்க தெருவுலயோ சொந்தத்துலயோ பிஎச்.டி. பண்ற பொண்ணு யாராவது இருந்தா, "ஆராய்ச்சி எப்படிம்மா போகுது?"னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஆராய்ச்சியைப் பத்திப் பதில் வராது, கைடைப் பத்தித்தான் வரும். "நல்ல சார் கிடைச்சிருக்கார்"னு சிரிப்பு, இல்லன்னா ஒரு பெருமூச்சு.

அஞ்சாறு வருஷ உழைப்பு ஒரு மனுஷரோட நல்ல குணத்தை நம்பி இருக்கு. இதைத்தான் மாத்தணும்னு சொல்றோம்.

டோரதி ஹாட்ஜ்கின் என்ற வேதியியலாளரைத் தெரிஞ்சுக்கணும். 1938-ல முதல் குழந்தை பிறந்தப்போ, ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வேலை பார்த்த சோமர்வில் கல்லூரி சம்பளத்தோட விடுப்பு கொடுத்தது. அந்தக் காலத்துல அது கேள்விப்படாத விஷயம். அதே சமயம் மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் வளைய ஆரம்பிச்சது. மூணு பிள்ளைகளையும் வளர்த்துக்கிட்டே பெனிசிலின், பி12 வைட்டமின் இரண்டின் அமைப்பையும் கண்டுபிடிச்சார். 1964-ல நோபல் பரிசு. இன்சுலின் ஆராய்ச்சியை 1934-ல தொடங்கி 1969-லதான் முடிச்சார். 35 வருஷம்! நம்ம ஊர்ல "ஏன் இன்னும் முடிக்கல?"னு கேட்டே துரத்தியிருப்பாங்க. அந்த இன்சுலின் குழுவுல நம்ம நாட்டு எம்.விஜயனும் இருந்தார். பின்னாடி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ஒரு தலைமுறையையே வளர்த்தெடுத்தவர். (மார்கரெட் தாட்சரும் ஹாட்ஜ்கினிடம் படிச்சவர்தான். அரசியல்ல ரெண்டு பேரும் எதிரெதிர் துருவம், அது வேற கதை!)

1995-ல ராயல் சொசைட்டி ஹாட்ஜ்கின் பேர்ல ஒரு ஃபெலோஷிப் ஆரம்பிச்சது. கைக்குழந்தை, வீட்டில் நோயாளி, சொந்த உடல்நலம்னு நேரத்தை மாத்தி வேலை செய்ய வேண்டிய இளம் விஞ்ஞானிகளுக்கானது. ஆண்களும் விண்ணப்பிக்கலாம், பகுதி நேரமாவும் செய்யலாம்.

இங்க என்ன நிலைமை? விதியே இல்லைன்னு சொல்ல மாட்டோம். யு.ஜி.சி. 2022 விதிப்படி ஆய்வு மாணவிக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆய்வை முடிக்க ரெண்டு வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு. ஆனா விடுப்புக் கடிதத்துல முதல் கையெழுத்து யாருது? கைடோடது. கைடு மேலயே குறைன்னா ஆய்வு ஆலோசனைக் குழுகிட்ட போகலாம்தானே என்பீங்க. அந்தக் குழுவைக் கூட்டுறவரே கைடுதான்! பிறகு எந்தப் பொண்ணு வாயைத் திறப்பா?

பகுதி நேர பிஎச்.டி.யும் விதியில் இருக்கு. ஆனா ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, மாசம் 37,000 ரூபாய், முழுநேர ஆய்வாளருக்கு மட்டும்தான். கைக்குழந்தையோட பாதி நாள் லேபுக்கு வரேன்னு சொன்னா, தொகை பாதி ஆகாது, மொத்தமா போயிடும். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும்னு 2017 சட்டத் திருத்தம் சொல்லுச்சு. சரி, ஆய்வு மாணவி அந்த 50-ல வருவாங்களா? ராத்திரி வரைக்கும் லேப்ல வேலை வாங்கும்போது ஊழியர் மாதிரி, காப்பகம் கேட்டா "நீ ஸ்டூடன்ட்தானே"!

நாம கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் கைடைத் தவிர, வேற துறையில இருந்து ஒரு வழிகாட்டி. அவருக்கு மதிப்பெண்ணும் கையெழுத்தும் கையில இருக்கக் கூடாது, பேசக் காது மட்டும் இருக்கணும். விடுப்பை கைடு இல்லாம பல்கலைக்கழக அலுவலகமே நேரடியா அனுமதிக்கணும். பாதி நேரம் வேலை செய்தா பாதி உதவித்தொகை. வளாகத்துல காப்பகம், அதுல ஆய்வு மாணவர் பிள்ளைகளுக்கும் இடம், அப்பாவா இருக்கற ஆய்வாளருக்கும் சேர்த்து.

நம்ம மாணவர் அணித் தோழர்கள் அவங்கவங்க பல்கலைக்கழகத்துல காப்பகம் இருக்கா, 240 நாள் விடுப்பு யாருக்காவது முழுசா கிடைச்சுதா, அந்த மாசங்கள்ல உதவித்தொகை வந்துதான்னு விசாரிங்க. பேர் வேண்டாம், விவரம் போதும். மாவட்ட அமைப்பாளர்கிட்ட எழுதிக் கொடுங்க.

#ஆய்வாளர்_உரிமை