வயசைப் பாக்காதீங்க, புகையைப் பாருங்க

"பதினஞ்சு வருஷம் ஆயிடுச்சா? காயலான் கடைல போட்டுட்டு புதுசு வாங்குப்பா." பழைய வண்டி வச்சிருக்கற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கற இலவச ஆலோசனை இது. சொல்றவங்கள்ல பாதிப் பேர் ஒரு எஞ்சினைக்கூட பிரிச்சுப் பார்த்ததில்லைங்கறதுதான் விசேஷம்!

நான் படிக்கறது பி.காம். அதனால கணக்கிலேருந்தே வர்றேன். தொழிலுக்கு ஓடற வண்டிக்கு வருமான வரியில வருஷம் 15% தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறையில. ஒரு லட்ச ரூபா வண்டி 15 வருஷத்துல ஏட்டுல சுமார் 8,735 ரூபா ஆயிடும். சரி, ஏடு தேஞ்சிடுச்சு. இரும்பு தேஞ்சுதா? அதை லேத் பட்டறைல அளந்து பார்த்துத்தான் சொல்லணும், காலண்டரைப் பார்த்து இல்ல.

திருவொற்றியூர்ல தயாரான பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-ஐ எடுத்துக்கங்க. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேஞ்சிருக்கும், இல்லன்னா வால்வு கைடு லூஸாகியிருக்கும். அதுக்காக மொத்த எஞ்சினும் செத்துப்போச்சுன்னு ஆயிடுமா? சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெருசா போர் பண்ணி, அந்த அளவுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கைடு மாத்தி, வால்வை லேப்பிங் பண்ணினா வண்டி திரும்ப மூச்சு விடும். இதுக்கு இடம் விட்டுத்தான் அந்தச் சிலிண்டரையே வார்த்திருக்காங்க.

சிலிண்டரை அளக்காமலே ரிங்கை மட்டும் மாத்திட்டு, "எஞ்சின் வேலை முடிஞ்சுது"ன்னு காசு வாங்கற ஆளுங்களும் இருக்காங்க. ரீபில்டுக்குக் கெட்ட பேர் வந்ததே இவங்களாலதான்.

இப்ப அரசாங்கத்துக்கு வருவோம். 15 வருஷம் தாண்டின பைக்கைத் திரும்பப் பதிவு பண்ற கட்டணம் 2022 ஏப்ரல்ல 300-லேருந்து 1,000 ஆச்சு. 2025-ல, 20 வருஷம் தாண்டினதுக்கு 2,000. கார் 2022-ல 600-லேருந்து 5,000, 20 தாண்டினா 2025-லேருந்து 10,000. நல்லா வேலை பார்த்து வச்சிருக்கற வண்டிக்கும், புகை கக்கிட்டு ஓடற வண்டிக்கும் ஒரே தொகை! அப்புறம் எவன் எஞ்சினுக்குச் செலவு பண்ணுவான்?

"புது பி.எஸ்.6 வண்டி சுத்தமாச்சே?" உண்மைதான். ரீபோர் பண்ணினதால பழசு பி.எஸ்.6 ஆயிடாது. டூ-ஸ்ட்ரோக்குக்கும் நான் வக்காலத்து வாங்கல. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியா போறது அதோட பிறவிக்குணம். ஆனா புது வண்டி ஒண்ணும் வானத்துலேருந்து குதிக்கல. அதுக்கும் இரும்பு உருக்கணும், கரி எரிக்கணும். வாரத்துக்கு ரெண்டு தடவை மார்க்கெட் போற வண்டியை உடைச்சுட்டு இன்னொண்ணு செஞ்சா காத்துக்கு என்ன லாபம்?

நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். புகை பரிசோதனைங்கற ஒண்ணு ஏற்கனவே இருக்கு. அதை ஒழுங்கா பண்ணுங்க. தேறலையா, மூணு வருஷ வண்டியா இருந்தாலும் ரோட்டுக்கு விடாதீங்க. தேறிடுச்சா, முப்பது வருஷ வண்டிக்கும் சாதாரணக் கட்டணம் வாங்குங்க.

மாசத் தவணை கட்ட வழியில்லாதவனுக்கு அந்தப் பழைய வண்டிதான் சொத்து. அதைப் போர் போட்டுத் தர்ற லேத்காரருக்கு அது சோறு. ரெண்டு பேரையும் சேர்த்து காயலான் கடைல போடற கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரல.