துணைக்கு ஓர் ஆள்



ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அக்காவுக்கு மலத்தோடு இரத்தம் போனது. பெருங்குடல் பரிசோதனைக்கு முதல்நாள் கொடுத்த பேதி மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். "இருட்டில எத்தன தடவ லயத்துக்குப் பின்னால ஓடுறது, தங்கச்சி?" என்றார். குடல் சுத்தமாகாததால் பரிசோதனை தள்ளிப்போனது. இரவில் துணைக்கு யார் என்று கேட்காதது என் தவறு.

குழாய்க் கமரா என்றால் மருத்துவர் கழுவி உறிஞ்சியும் பார்ப்பார். சில நாடுகளில் உள்ள, விழுங்கும் குளிசைக் கமராவால் அது முடியாது; அதற்குக் குடல் இன்னும் சுத்தமாக வேண்டும்.

முதல்நாள் சோறு, ரொட்டி இல்லை. பால் சேர்க்காத சாயத்தண்ணி குடிக்கலாம். சிவப்புப் பானம் இரத்தம்போலத் தெரியும், வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசை, நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த தடவை டோர்ச்சும் வாளித் தண்ணீருமாக அயல்வீட்டு அக்கா துணையிருந்தார். மருந்து முழுவதும் குடித்தார், பரிசோதனையும் நடந்தது.