பழைய மோட்டார் சைக்கிளுக்கு முதற் செலவு எது?

மாரிப்போக அறுவடை முடிந்து கையிற் சிறிது பணம் சேர்ந்ததும் எமது மீள்குடியேறிய குடும்பங்கள் பல பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குகின்றன. இதை ஆடம்பரம் என்று சொல்வோர் உளர். அவர்கள் சம்பூரிலோ வெருகலிலோ திரியாயிலோ குடியிருந்து பார்த்தவர்கள் அல்லர். 2006 ஏப்ரலில் சம்பூரை விட்டு ஓடியவர்கள் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்குத் திரும்பினர். திரும்பியவர்களுக்கு வயல் ஓரிடம், சந்தை ஓரிடம், வைத்தியசாலை வேறோரிடம். உரப்பையும் பாற்கானும் காய்ச்சற் பிள்ளையும் ஒரே சீற்றில்தான் போகவேண்டியிருக்கிறது.

புதியது வாங்க வழியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் முறையாகத் திறந்தது. அதற்குள் பழைய வண்டிகளின் விலை ஏறிவிட்டது. ஆகவே கைக்கு எட்டுவது முப்பது, நாற்பது வயதான ஹொண்டா சீ.டி. 125, எம்.டி. 90, சீ. 90 போன்றவையே. இவை நல்ல வண்டிகள். எம்.டி. 90 யப்பானில் தபாற்காரருக்கென்றே செய்யப்பட்டது. சுமையோடு நின்று நின்று ஓடப் பழகியது. ஆனால் எந்த வண்டியும் முந்திய சொந்தக்காரரின் பழக்கங்களையும் சேர்த்தே எம்மிடம் வருகிறது.

எமது குறை இதுதான்: வாங்கியவுடன் முதற் பணம் பெயின்ற்றுக்கும் சீற் கவருக்கும் போகிறது. முதற் பணம் ஒயிலுக்குப் போகவேண்டும். விற்றவர் "நேற்றுத்தான் மாற்றினேன்" என்று சொன்னாலும் மாற்றுங்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அடியிலுள்ள ஆணியைக் கழற்றிப் பழைய ஒயிலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் வடியுங்கள். அதிலே மினுங்கும் இரும்புத் துகள் கிடந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். ஆற்றையும் களப்பையும் கடந்து திரியும் எம் பகுதியில் இது அரிதல்ல.

இச்சிறு ஹொண்டாக்களுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் போதும். அளவுக்கோலைத் துடைத்து, திருகாமல், துவாரத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. திருகிப் பார்த்தால் குறைவாக ஊற்றிவிடுவோம். காருக்கு விற்கும் ஒயில் மலிவென்று ஊற்றவேண்டாம். மோட்டார் சைக்கிளின் கிளச் தட்டுகளும் அதே ஒயிலில்தான் முழுகியிருக்கின்றன. கார் ஒயில்கள் சிலவற்றிற் கலந்துள்ள வழுக்கும் பொருள் கிளச்சை நழுவச் செய்யும். இவற்றிற் பெரும்பாலானவற்றுக்குக் கடதாசி வடி இல்லாதபடியால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதே புத்தி. வடித்த ஒயிலைக் கிணற்றடியிற் கொட்டாதீர்கள். வேலிக்கட்டைக்குப் பூசுவது உங்கள் விருப்பம்.

அடுத்தது தாங்கி. மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். பற்றவைத்த விளக்கோடு கிட்டப் போகவே கூடாது. துறைமுகக் காற்றின் உப்பு வெளியே இருந்து அரிக்க, பாதி வெறுமையாய்க் கிடந்த தாங்கி உள்ளே இருந்தும் துருவேறியிருக்கும். அந்தத் துருத்தான் காபரேட்டரை அடைக்கிறது. 1990 இற்குப் பின் பெற்றோல் மறுக்கப்பட்ட பிரதேசங்களில் எம் மக்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். அது அன்றைய சாமர்த்தியம். ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் கரியைப் படியவைக்கும், ஒயிலையும் கரைக்கும். அக்கால வண்டி கைமாறி வந்தால் எஞ்சின் தலையைக் கழற்றிக் கரி எடுப்பிப்பது நல்லது.

பிளக்கைக் கழற்றினால் அது கதை சொல்லும். மண்ணிறமாயின் நலம். கரிக்கறுப்பாயின் காற்று வடி அடைத்திருக்கலாம். கச்சான் காலத்துப் புழுதியில் அது சீக்கிரம் நடக்கும். வெள்ளையாயின் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறுகிறது. இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர், அளவுத் தகடு இல்லாவிடில் இரும்பு அரியும் வாளின் அலகு ஏறக்குறைய அந்தத் தடிப்பே. செயினை மண்ணெண்ணெயிற் கழுவிக் காயவிட்டு ஒயில் பூசுங்கள். நடுவிலே பிடித்து அசைத்தால் இரண்டு சென்ரிமீற்றர் அளவு தளர்ச்சி போதும். எஞ்சின் ஓடும்போது செயினில் துணி வைப்பவர் விரலை இழப்பார். ரயரின் பக்கங்களில் வெடிப்பு இருந்தால், பூ எவ்வளவு தெரிந்தாலும் மாற்றவேண்டும்.

பத்திரத்தையும் பராமரிப்பு என்றே நாம் எண்ணுகிறோம். சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். முன்பின் பலர் கையொப்பத்தாளோடு மட்டும் கைமாற்றிய வண்டியில் விபத்து நேர்ந்தால், காப்புறுதி கேட்கப் போகும் ஏழைதான் அலைவார். இடம்பெயர்வில் எல்லாப் பத்திரமும் தொலைத்த எமக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் விலையைக் கேட்டதும் மறந்துவிடுகிறோம்.

இனி, உதவி செய்வோரிடம் ஒரு சொல். வாழ்வாதாரம் என்று தண்ணீர்ப் பம்பியோ உழவு இயந்திரமோ கொடுத்துப் படம் எடுக்கும் நிறுவனங்கள், திருச்சபை நிறுவனங்கள் உட்பட, ஒரு சாவிக்கட்டைக் கொடுப்பதில்லை. கடன் கணக்கில் வண்டியின் விலை இருக்கும். முதல் ஒயிலுக்கும் பிளக்குக்கும் இடமிராது. ஆறு மாதத்தில் வண்டி திண்ணையில் சாய்ந்திருக்க, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கிராமத்துக்கு ஒரு சாவிக்கட்டு, ஓர் அளவுத் தகடு, ஒரு காற்றுப் பம்பி. மூன்று மாதத்துக்கு ஒருநாள் கோவில் வளவிலோ பள்ளிக்கூட மரத்தடியிலோ பயிற்சி. இதற்குப் பெரிய திட்ட அறிக்கை வேண்டியதில்லை.

அப்பயிற்சிக்குப் பெண்களை அழையுங்கள். கணவனை யுத்தத்தில் இழந்து தானே வயல் செய்யும் எத்தனையோ பேர் பிளக் கழற்றவும் பக்கத்து வளவுப் பொடியனைக் காத்திருக்கிறார்கள். தையல் இயந்திரம் கொடுத்தால் போதும் என்று தீர்மானித்தது யார் என்று எமக்கு விளங்கவில்லை. முதல் வகுப்பை ஐப்பசிக்கு முன் வையுங்கள். வாடை தொடங்கி ஒழுங்கைகள் சேறானபின் வண்டியைக் கழற்றி வைக்கக் காய்ந்த இடம் கிடையாது.