காய்ச்சலுக்கு ரத்தம் சொல்லும் சாட்சி

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் கொச்சி மட்டாஞ்சேரியில் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் சுக்குக் காப்பி. இரண்டாம் நாள் பாராசிட்டமால். மூன்றாம் நாளும் உடம்பு கொதித்தால் தாய் மருந்துக் கடை வாசலில் நிற்பாள். அவள் கேட்பது 'கொஞ்சம் ஸ்ட்ராங்கான' மருந்து. அதாவது, ஆன்டிபயாடிக்.

சிக்கல் இங்கேதான். கேரளத்தில் மழைக்காலம் இன்ஃப்ளூயென்சாவின் காலமும்கூட. அது வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் தாக்குவதோ பாக்டீரியாவை. வைரஸிடம் அதன் ஜம்பம் பலிக்காது. ஆனால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு காய்ச்சலும் ஒரே சூடுதான். டாக்டருக்கும் பல சமயம் குழப்பம். பாக்டீரியாவாக இருந்து கோட்டை விட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இதைத் தீர்க்க விஞ்ஞானிகள் ஒரு புதிய வழியைப் பிடித்தார்கள். கிருமியைத் தேடுவதற்குப் பதிலாக, குழந்தையின் ரத்தத்தையே சாட்சிக்கு அழைத்தார்கள்.

வைரஸ் நுழைந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டுப் பக்கத்து செல்களை உஷார்படுத்துகிறது. 1957ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லின்டென்மானும் இதைக் கண்டுபிடித்தது இன்ஃப்ளூயென்சா வைரஸை வைத்துத்தான். இந்தச் சேதி கிடைத்ததும், அதுவரை அடங்கிக் கிடந்த நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சுறுசுறுப்படைகின்றன. பாக்டீரியா வந்தால் எழும் கூட்டம் வேறு.

இந்த ஏற்பாடு பழுதானால் என்ன ஆகும் என்பது 2015ல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. பிரான்சில் இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியை ஃப்ளூ சாவின் விளிம்புவரை கொண்டுபோயிருந்தது. இன்டர்ஃபெரானைச் சுரக்கவைக்கும் ஐஆர்எஃப்7 என்ற மரபணு, தாய் வழி வந்ததும் தந்தை வழி வந்ததும், இரண்டுமே அவளிடம் பழுதாக இருந்தன. பெற்றோருக்கோ ஒரு குறையும் இல்லை.

2016ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் லெவின் குழுவினர், காய்ச்சலோடு வந்த குழந்தைகளின் ரத்தத்தில் முதலில் 38 மரபணுத் தடயங்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றை இரண்டாகக் குறைத்தார்கள். ஒன்று வைரஸ் வந்தால் எகிறுகிறது. மற்றது பாக்டீரியா வந்தால். காரணம் உறுதிப்படாத 136 குழந்தைகளில் 129 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு மரபணுக்களின் கணக்குப்படி பாக்டீரியாக் காய்ச்சல் 63 பேருக்குத்தான்.

வீணாகக் கொடுத்த ஆன்டிபயாடிக் வீணாக மட்டும் போவதில்லை. உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிவிடுகின்றன. நாளை நிஜமாகவே நிமோனியா வரும்போது மருந்து கைவிட்டுவிடும். கேரள அரசு 2018ல் இதற்கென்றே ஒரு செயல்திட்டத்தைத் தொடங்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க 2024ல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் திடீர்ச் சோதனைகளும் நடத்தியது.

மரபணுச் சோதனை இன்னும் சாதாரண கிளினிக்கின் மேஜைக்கு வரவில்லை. சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டும்; விலையும் கட்டுப்படியாக வேண்டும். அதுவரை தாயின் கண்கள்தான் சோதனைக்கூடம். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா, பாலோ தண்ணீரோ குடிக்க மறுக்கிறதா, துவண்டு கிடக்கிறதா? உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் போக வேண்டிய இடம் டாக்டர் வீடு, மருந்துக் கடை அல்ல.